ஐரோப்பாவிலும் ஏ.சி. வேண்டுமா?

ஐரோப்பா என்றவுடன் நம்மில் பெரும்பாலோரின் மனக்கண்ணில் தோன்றுவது பனி படர்ந்த கூரைகளும் கம்பளி உடுப்பும்தான். அங்கு வாழும் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் அப்பளமும் கட்டி அனுப்பும் தாய்மார்கள், "குளிர் எப்படி இருக்கிறது? காதை மூடிக்கொண்டு வெளியே போ" என்று தொலைபேசியில் சொல்லாமல் இருப்பதில்லை. "வெயில் எப்படி?" என்று கேட்பவர்கள் அரிது. அந்தக் கண்டத்தில் வெப்பத்தினால் மனிதர்கள் மடிகிறார்கள் என்று சொன்னால், சித்திரை வைகாசி வெயிலைத் தலையில் சுமந்து பழகிய நமக்கு அது சற்று வேடிக்கையாகக்கூடத் தோன்றும்.

ஆனால், வேடிக்கை அன்று. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் முதல் இருபது நாட்களில் பிரான்சில் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேர் கூடுதலாக இறந்தனர். அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் மாண்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பிரான்சில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்த முதியவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் கடற்கரைக்கும் மலைக்கும் போய்விட, பூட்டிய அறைகளில் பெரியவர்கள் தனித்திருந்தனர். உரிமை கோர ஆளின்றிக் கிடந்த 57 உடல்களைப் பாரிஸ் அருகே தியே என்ற இடத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கியபோது, அன்றைய குடியரசுத் தலைவர் ஷிராக் நேரில் வந்து நின்றார். வளம் மிக்க ஒரு நாடு வெட்கத்தோடு தலைகுனிந்த நாள் அது.

இந்தச் செய்தி எங்கோ நடந்த கதையாக எங்கள் ஊர்ப் பக்கத்தில் கடந்து போகவில்லை. தவளக்குப்பத்திலிருந்து மேற்கே பிரியும் சாலையில் உள்ள அபிஷேகப்பாக்கம் என் ஊர். புதுச்சேரி மண்ணுக்கும் பிரான்சுக்கும் உள்ள உறவு வாசகர்கள் அறிந்ததே. 1954இல் ஆட்சி கைமாறியது. 1962இல் ஒப்பந்தம் உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா குடும்பங்கள் பல இன்று பாரிஸின் புறநகர்களில் மூன்றாம் தலைமுறை கண்டுவிட்டன. என் லாத்தாவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. மச்சான் காலமான பிறகு, அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பகுதி லாத்தாவுக்கு வருகிறது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு பாரிஸுக்கு வடக்கே ஓர் அடுக்ககத்தின் ஐந்தாவது மாடியில் வசிக்கிறார்.

2019ஆம் ஆண்டு கோடையில் மூன்று மாத விசாவில் நான் அங்கே போயிருந்தேன். அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் பாரிஸில் 42.6 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அதற்கு முந்தைய உச்சமான 40.4 டிகிரி, 1947ஆம் ஆண்டிலிருந்து முறியாமல் நின்ற அளவு. அதை ஒரே நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் தாண்டியது என்றால், அந்த நாளின் கொடுமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சுட்டது வெயில் அன்று, வீடு

அன்று லாத்தாவுக்கு 76 வயது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர். "கொஞ்சம் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுங்கள், லாத்தா" என்று நான் சொன்னபோது, "அபிஷேகப்பாக்கத்து வெயிலில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா, தம்பி?" என்று சிரித்தார். அன்று இரவு பத்து மணிக்கு, நீர் அருந்த எழுந்தவர் சமையலறை வாசலில் சாய்ந்துவிட்டார். அவசர ஊர்தி வந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. இரண்டு நாள் நரம்பு வழியே நீர் ஏற்றி, இறைவன் அருளால் வீடு திரும்பினார்.

அங்கிருந்த மருத்துவர் சொன்னவை நம் வீடுகளுக்கும் பயன்படக்கூடியவை. வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கிவிடும். உடலில் நீர் குறைந்தாலும் நாக்கு அதைச் சொல்லாது. வியர்வையும் குறைந்துவிடும். தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பி உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். நீர் பிரியும் மாத்திரை இருக்கின்ற நீரையும் வெளியேற்றும். பகல் முழுவதும் இப்படிப் போராடிய உடல் இரவில்தான் இளைப்பாறுகிறது. இரவும் சுட்டால் இளைப்பாற நேரமே இல்லை. 2003இல் உயிர்களைப் பறித்ததில் தொடர்ந்து சுட்ட அந்த இரவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த ஊரில் பிறந்தோம் என்பதை இதயம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வெயில் நமக்குப் பழகியது என்பது உண்மையே. அந்த வீடு நமக்குப் பழகியது அன்று. எங்கள் ஊர் வீட்டில் முன்னால் திண்ணை, நடுவில் முற்றம். எதிரெதிராகக் கதவு வைத்து, காற்று நுழைந்து வெளியேற வழி செய்திருப்பார்கள். பிற்பகலில் கடற்காற்று புறப்பட்டால் பாதி வெப்பம் அடங்கிவிடும். கூரையில் மின்விசிறி உண்டு. பாரிஸ் புறநகரின் அடுக்ககமோ குளிர்காலத்தை எண்ணிக் கட்டப்பட்டது. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே கசியக் கூடாது என்பதே அதன் நோக்கம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கான்கிரீட் சுவர், தாழ்ந்த கூரை. கூரை மின்விசிறியை நான் எந்த வீட்டிலும் காணவில்லை. லாத்தாவின் அறை மேற்கு நோக்கியது. ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். நாம் இஷாத் தொழுகை முடித்து உறங்கப் போகும் வேளையில், அவர் அறைச் சுவர் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானையின் மூடியைப் போலிருந்தது.

அவசரத்தில் வாங்கிய பெட்டி

லாத்தா மருத்துவமனையில் இருந்தபோதே மருமகன் கடைகளுக்கு ஓடினார். அந்த வாரத்தில் மேசை விசிறிகூடப் பல கடைகளில் தீர்ந்துவிட்டது. மூன்றாவது கடையில், சக்கரம் வைத்து உருட்டிச் செல்லும் குளிரூட்டி ஒன்று 450 யூரோவுக்குக் கிடைத்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம் ரூபாய். அந்த விலைக்கு நம் ஊரில் சுவரில் மாட்டும் நல்ல ஏ.சி.யே வாங்கிவிடலாமே என்று எண்ணினேன்.

இந்தப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வாடகை வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். கம்ப்ரஸர் முதல் விசிறி வரை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சூடான காற்றை வெளியேற்ற யானைத் துதிக்கை போன்ற ஒரு குழாய் உண்டு. அதன் முனையை ஜன்னல் வழியே வெளியே நீட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். பிரெஞ்சு ஜன்னல்கள் உள்பக்கமாகத் திறப்பவை. குழாயை நீட்டினால் ஜன்னலை மூட இயலாது. திறந்த இடைவெளி வழியே அனல் உள்ளே வரும். இடைவெளியை அடைத்தாலும் இன்னொரு குறை உண்டு. பெட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும் அல்லவா? கதவிடுக்கு வழியே வெளி வெப்பம் நுழைகிறது. ஒரு கையால் இறைத்து மறு கையால் ஊற்றும் வேலை இது.

அட்டையும் துணியும் வைத்து ஜன்னலை அடைத்தோம். 33 டிகிரியில் இருந்த அறை 28க்கு இறங்கியது. இரைச்சல் அதிகம்தான், ஆயினும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய லாத்தா அன்றிரவு அயர்ந்து உறங்கினார். அவசரத்துக்கு உதவியதை மறுக்க முடியாது. ஆனால், ஆண்டுதோறும் இதையே நம்பியிருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

யாருடைய அறைக்கு?

அந்த வார இறுதியில் குடும்பம் கூடிப் பேசியது. பிள்ளைகள் வீடு முழுவதற்கும் ஏ.சி. கேட்டார்கள். மருமகனின் மனைவி கூடத்துக்குப் போதும் என்றார். லாத்தா எதுவுமே வேண்டாம் என்றார். மூன்று அறைகளுக்கும் மாட்ட ஒருவரிடம் விலை கேட்டபோது, ஆறாயிரம் யூரோவுக்கு மேல் சொன்னார். அத்தோடு பேச்சு நின்றது.

அப்போது என் மருமகன் கேட்ட கேள்வியை நான் இன்றும் மெச்சுகிறேன். "மாமா, எந்த இயந்திரம் வாங்குவது என்பதை அப்புறம் பார்ப்போம். யாருக்கு இது இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து? அவர் அறைக்கு மட்டும் வாங்குவோம். மற்றவர்களுக்குத் தாங்க முடியாத இரவில் எல்லோரும் அங்கேயே பாய் விரித்துக்கொள்வோம்." ஆறாயிரம் என்று நின்ற மதிப்பீடு அந்த ஒரு கேள்வியால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பிரெஞ்சு அரசும் 2003க்குப் பிறகு இதே வழியில்தான் சென்றது. முதியோர் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் கட்டடம் முழுவதையும் அன்று, குளிரூட்டப்பட்ட ஒரு பொது அறையையாவது வைத்திருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். சில மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்தாலே முதியவரின் உடல் மீண்டுவிடும் என்பதே அதன் அடிப்படை.

அடுத்து அளவு. நம் ஊரில் 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது ஈர்க்கும் வெப்பத்தை வைத்து வந்த பழைய அளவு அது. ஐரோப்பாவில் கிலோவாட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு டன் என்பது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். சதுர மீட்டருக்கு நூறு வாட் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. லாத்தாவின் அறை 12 சதுர மீட்டர். மேற்கு வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு முதல் இரண்டரை கிலோவாட் போதும். நம் கணக்கில் முக்கால் டன்னுக்கும் குறைவு. பெரியது வாங்கினால் விரைவில் குளிரும் என்று எண்ணி அதிகச் செலவு செய்வோர் உண்டு. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடும், காற்றின் ஈரத்தைச் சரியாக வாங்காது, மின்சாரத்தையும் வீணாக்கும்.

மின்சாரச் செலவையும் தாளில் போட்டுப் பார்த்தோம். உருட்டும் பெட்டி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட். இன்றைய கட்டணப்படி யூனிட் சுமார் 20 சென்ட் என்று கொண்டால், ஓர் இரவுக்கு ஒன்றரை யூரோவுக்கு மேல். அதே அறைக்குச் சுவரில் மாட்டும் இன்வர்ட்டர் ஏ.சி., அறை குளிர்ந்த பிறகு மெதுவாக ஓடுவதால், மூன்று நான்கு யூனிட்டில் இரவைக் கடத்திவிடும். பாதிச் செலவில் இரு மடங்கு சுகம், இரைச்சலும் இல்லை. ஆண்டுக்கு முப்பது நாற்பது இரவுகளே தேவை என்பதால், மின்கட்டணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பது விளங்கிற்று. சுமை முழுவதும் வாங்கி மாட்டும் செலவில்தான்.

பணம் இருந்தாலும் போதாது

நம் ஊரில் பணம் கொடுத்தால் மறுநாள் ஆள் வந்து சுவரைத் துளைத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே அனல் அடிக்கிறதா என்று பார்ப்பவர் யார்? பிரான்சில் அப்படி முடியாது. அடுக்ககத்தின் வெளிச்சுவர் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுச்சொத்து. வெளிப்பெட்டி வைக்க வேண்டுமானால், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் விண்ணப்பம் வைத்து வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும். வெளித்தோற்றம் மாறுமானால் நகராட்சியிலும் முன்னறிவிப்பு தர வேண்டும். நகராட்சியை அங்கே 'மேரி' என்பார்கள். புதுச்சேரிக் கடற்கரையின் மேரி கட்டடத்தை நாம் அழைக்கும் அதே சொல். வாடகைக்கு இருப்பவரோ வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் பெற வேண்டும். வாயு நிரப்பும் வேலையை அதற்கான சான்றிதழ் பெற்றவரே செய்யலாம்.

2020இல் கொரோனாவினால் கூட்டம் தள்ளிப்போயிற்று. மறு ஆண்டுதான் விண்ணப்பம் வாக்கெடுப்புக்கு வந்தது. கீழ்வீட்டுப் பெண்மணி ஒருவர் எதிர்த்தாராம். "உங்கள் வீட்டுச் சூட்டை என் ஜன்னலுக்கு அனுப்புவீர்கள். தண்ணீர் என் பால்கனியில் சொட்டும். இரவெல்லாம் இரையும். எனக்கும் எழுபது வயது" என்றாராம். மருமகன் அவரிடம் வாதாடவில்லை. மறுநாள் மாலை அவர் வீட்டுக்கே போனார். வெளிப்பெட்டியைச் சுவரில் தொங்கவிடாமல் பால்கனித் தரையில் வைப்பது, அடியில் ரப்பர் கட்டைகள் வைப்பது, சொட்டும் நீரைக் குழாய் வழியே கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது என்று மூன்று உறுதிகளை எழுதிக் கொடுத்தார். கூடவே, "கோடையில் உங்களுக்குத் தாங்காவிட்டால் எங்கள் அம்மாவின் அறையில் வந்து உட்காருங்கள்" என்றும் சொன்னாராம்.

எல்லா உரிமையாளர்களின் மொத்த வாக்குகளில் பெரும்பான்மை கிடைத்தால்தான் இத்தகைய தீர்மானம் நிறைவேறும். அது கிடைக்காமல், மூன்றில் ஒரு பங்கு வாக்காவது கிடைத்திருந்தால், வந்திருப்போரின் பெரும்பான்மை போதும் என்று இரண்டாம் முறை வாக்கெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பெண்மணியைச் சந்தித்த பின் நடந்த கூட்டத்தில், இரண்டாம் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. அவரும் ஆதரித்துக் கையுயர்த்தியதாகக் கேள்வி. அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு எவ்வளவு வற்புறுத்திச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அங்கே சட்டம் செய்விப்பதை இங்கே நாம் தாமாகவே செய்யலாம்.

மெத்தையா, குளிரா?

எல்லாம் சேர்த்து 2,100 யூரோ ஆகும் என்று முடிவாயிற்று. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். இயந்திரத்தின் விலை அதில் பாதிகூட இல்லை, கூலிதான் மிகுதி. வங்கிக் கடனுக்கு வழி இருந்தது. வட்டிக்கு வாங்கிய குளிரில் தனக்கு உறக்கம் வராது என்று லாத்தா சொல்லிவிட்டார். வேலை செய்யும் நிறுவனம் மூன்று தவணையில் வட்டியின்றித் தரச் சம்மதித்தது. மருமகனின் சேமிப்பு 900 யூரோ. மீதி 1,200க்கு வழி தேடினார்கள்.

லாத்தாவிடம் அந்த 1,200 இருந்தது. ஆனால், அது எங்கள் ஊர் வீட்டுக்காக அவர் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அத்தா கட்டிய மெத்தை வீடு. தளம் விரிசல் கண்டு மழைக்கு ஒழுகுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துத் தட்டோடு பதிக்க அந்தப் பணத்தை அனுப்புவதாக எனக்கு வாக்களித்திருந்தார். அந்த வீட்டில் வசிப்பவன் நான். ஒவ்வொரு ஐப்பசியிலும் கட்டிலை இடம் மாற்றிப் போடுபவனும் நானே.

தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். "அத்தா வீடு ஒழுகும்போது எனக்கு எதற்குத் தம்பி ஏ.சி.?" என்றார். "லாத்தா, மெத்தை ஒழுகினால் வாளி வைக்கலாம். உங்களுக்கு வாளி வைக்க முடியாது" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, மருமகனிடம் சொல்" என்றார். அந்த ஆண்டு மழைக்கு நான் இரண்டு வாளிகள் கூடுதலாக வாங்கினேன்.

2022ஆம் ஆண்டுக் கோடை வந்தது. ஐரோப்பா முழுவதும் வெப்பத்தினால் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்ட கோடை அது. குளிரையே அறிந்த பிரிட்டனில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அந்த ஜூலையில் லாத்தா தம் அறையில் 26 டிகிரியில் படுத்திருந்தார். அறை வெப்பம் 26க்கு மேல் இருந்தால் மட்டுமே குளிரூட்டியை ஓட்ட வேண்டும் என்பது பிரெஞ்சு விதி, சிக்கனமும் அதுவே. கீழ்வீட்டுப் பெண்மணி இரண்டு பிற்பகல்கள் வந்து அமர்ந்து தேநீர் அருந்திச் சென்றதாக லாத்தா மகிழ்ச்சியோடு கூறினார்.

நாங்கள் முழுமையாக எதிர்பாராத நன்மை குளிர்காலத்தில் கிடைத்தது. இத்தகைய ஏ.சி. திருப்பி இயங்கி வெப்பமும் தரும். அவர்கள் வீட்டில் பழைய மின் கணப்புகள் இருந்தன. கணப்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். ஏ.சி.யோ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இறைத்து உள்ளே கொண்டு வருவதால், அதே ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. லாத்தாவின் அறைக் கதவைத் திறந்து வைத்தால் கூடமும் கதகதக்கும். அந்தக் குளிர்காலத்தில் மின்கட்டணம் இருநூறு யூரோ அளவுக்குக் குறைந்ததாக மருமகன் சொன்னார். கோடைக்காக வாங்கிய பொருளின் கடனைக் குளிர்காலம் அடைக்கிறது. ஐரோப்பாவில் மின் கணப்பு உள்ள வீட்டார் இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்போரும் உண்டு

ஏ.சி.யை எதிர்ப்போர் சொல்வதையும் கேட்க வேண்டும். ஒரு வீட்டைக் குளிர்வித்தால் தெரு சூடாகிறது என்பது மெய்யே. குளிரூட்டும் வாயுக்கள் கசிந்தால் புவி வெப்பத்தைக் கூட்டுகின்றன என்பதும் மெய்யே. ஆர்-410ஏ என்ற பழைய வாயு கரியமில வாயுவைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் பிடிப்பது. சிறிய வீட்டு ஏ.சி.களில் அதைப் புதிதாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து நிறுத்திவிட்டது. லாத்தா வீட்டில் உள்ளது ஆர்-32. அதன் கேடு அதில் மூன்றில் ஒரு பங்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது வீரர் குடியிருப்பை ஏ.சி. இன்றி, தரைக்கு அடியில் குளிர்நீரை ஓட்டிக் குளிர்விக்கும் முறையில் கட்டினார்கள். ஆயினும் பல நாட்டு அணிகள் நம்பாமல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருட்டும் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்தன. 2025 கோடையில் ஏ.சி. வேண்டுமா, வேண்டாமா என்பது பிரெஞ்சு அரசியல் மேடைகளிலேயே விவாதப் பொருளாயிற்று.

எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்பதும், எவருக்குமே வேண்டாம் என்பதும் இரண்டு முனைகள். இடைவழி ஒன்று இருக்கிறது. முதலில் செலவில்லாதவற்றைச் செய்ய வேண்டும். அங்கே ஜன்னலுக்கு வெளியே இறக்கும் ஷட்டர்கள் உண்டு. காலையிலேயே அவற்றை இறக்கி ஜன்னலையும் மூடிவிட வேண்டும். நம் பழக்கப்படி பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பது அங்கே அனலை அழைப்பதாகும். வெளியே குளிர்ந்த பிறகு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். மேசை விசிறி மலிவானது. 40 டிகிரிக்குக் கீழே நன்கு உதவும். அதற்கும் மேல் சூடான காற்றையே முகத்தில் வீசும். முதியவர்கள் தம் பெயரை நகராட்சியின் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டால், கடும் வெப்ப நாட்களில் தொலைபேசியில் நலம் விசாரிப்பார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு அது. இத்தனைக்குப் பிறகும் இரவில் அறை சுடுமானால், அந்த வீட்டில் முதியவரோ நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால், ஓர் அறைக்கு ஏ.சி. ஆடம்பரம் ஆகாது. அது மருந்துச் செலவு.

வாங்க முடிவு செய்தால், வசந்த காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். கூட்டமும் வாக்கெடுப்பும் மேரியின் பதிலும் மாதங்களை விழுங்கும். ஜூலையில் ஓடினால் உருட்டும் பெட்டிதான் கிடைக்கும்.

நம் பிள்ளைகளும் பெற்றோரும் உடன்பிறப்புகளும் இன்று பாரிஸிலும் லண்டனிலும் ஜெர்மனியிலும் பரந்து வாழ்கிறார்கள். வாரந்தோறும் பேசுகிறோம்; சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இரவில் உங்கள் அறை எத்தனை டிகிரி? இன்று எத்தனை குவளை தண்ணீர் குடித்தீர்கள்?" வெயிலில் பிறந்தவர்கள் நாங்கள் என்று அவர்கள் சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். பதில் வரும்வரை மறுபடியும் கேளுங்கள்.